மலேசியாவில் பிறந்த தமிழர்கள் அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்கலாமா? ஏஜெண்ட் 800 வெள்ளி கேட்கிறார்

கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த மலேசியத் தமிழர் இந்த லாட்டரிக்குப் போடலாமா, "இந்தியர்களுக்குக் கிடையாது, ஆனால் நான் முடித்துத் தருகிறேன்" என்று ஏஜெண்ட் கேட்கும் 800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) நியாயமா, விழுந்தால் மலேசியக் குடியுரிமை போய்விடுமா. போடலாம். ஏஜெண்டுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். மூன்றாவதில் கொஞ்சம் விவரம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோ கடை வைத்திருக்கிறேன். படம் எடுப்பதோடு போட்டோஸ்டாட், லேமினேட், அப்புறம் ஆன்லைனில் பாரம் நிரப்பித் தருவது. சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட், அரசாங்க உதவித்தொகை, கேடபிள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி) என்று எதற்கு எடுத்தாலும் ஒரு பாரம் உண்டு. அந்த வரிசையில்தான் இந்த டிவி லாட்டரியும், அதாவது டைவர்சிட்டி விசா என்ற கிரீன் கார்டு குலுக்கலும், என் கடைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு விழவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவருக்கு விழுந்தது. அவருக்கு முதல் படத்திலிருந்து கோலாலம்பூர் நேர்காணல் வரை கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் இன்றைய நிலவரம். 2025 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்தத் திட்டத்தை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. பிரவுன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச்சூட்டில் சந்தேகிக்கப்பட்ட ஆள் 2017இல் இந்த வழியாகத்தான் கிரீன் கார்டு வாங்கியிருந்தார் என்பது காரணம். இது ஒன்றும் முதல் தடவை அல்ல. 2020இலும் டிரம்ப் அரசு விசா கொடுப்பதை நிறுத்தியது, விழுந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் ஒரு பகுதி விசாக்களை ஒதுக்கிவைக்கச் சொன்னது. ஆகவே கதவு திறந்திருக்கிறதா என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில், அதாவது முகவரி 'டாட் கவ்' என்று முடிகிற தளத்தில், நீங்களே பாருங்கள். வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஒரு மாதம் பதிவு நடக்கும். வெகுகாலம் இலவசமாகவே இருந்தது. 2025இல்தான் பதிவுக்கு 1 டாலர் கட்டணம் என்று விதி போட்டார்கள். ஒரு டாலர் வேலைக்கு 800 வெள்ளி!

சரி, "இந்தியர்களுக்குக் கிடையாது" என்ற கதைக்கு வருவோம். அதில் பாதி உண்மை. கடந்த ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் குடியேற அனுப்பிய நாடுகளை இந்தக் குலுக்கலில் சேர்க்க மாட்டார்கள். இந்தியா, சீனா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் எல்லாம் அப்படி வெளியே நிற்பவை. மலேசியா உள்ளே இருக்கிறது. பார்ப்பது பிறந்த நாட்டை. இனத்தையும் பார்ப்பதில்லை, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் நிறத்தையும் பார்ப்பதில்லை. நம் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் கட்டத்தில் 'கெத்துருனான் இந்தியா' (இந்திய வம்சாவளி) என்று அடித்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது இந்த நாட்டுப் பதிவிலாகாவான ஜேபிஎன்னின் கணக்கு, அமெரிக்காக்காரனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அவனுக்கு ஒரே பட்டியல்.

இன்னொரு பக்கமும் உண்டு. குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்கள் சிலர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். அறுபது வருடமாக இங்கேயே இருந்தாலும் அவர்கள் கணக்கு இந்தியா. ஆனால் கணவனோ மனைவியோ தகுதியுள்ள நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டைக் காட்டிப் போடலாம். நான் சொன்ன தம்பியின் மனைவி திருச்சிப் பக்கம் பிறந்தவர். அவரும் கணவர் பிறந்த மலேசியாவைக் காட்டித் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டார். கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று இரண்டு போடுவது சட்டப்படி சரி. ஒரே ஆள் பேரில் இரண்டு போட்டால்தான் இரண்டும் தள்ளுபடி. ஒன்றே ஒன்று, மனைவி அப்படிப் போட்டு விழுந்தால் இரண்டு பேருக்கும் விசா கிடைத்து, இரண்டு பேரும் சேர்ந்தே அமெரிக்காவுக்குள் போக வேண்டும்.

படம் என் தொழில் என்பதால் அதில் கொஞ்சம் நீட்டுவேன். பள்ளிக்கூடத்துக்கும் லைசென்சுக்கும் தொங்கவிடும் நீலத் திரை இதற்கு ஆகாது, வெள்ளை அல்லது வெள்ளைக்குப் பக்கத்து நிறம் வேண்டும். 600க்கு 600 பிக்சல், 240 கிலோபைட்டுக்குள். மூக்குக்கண்ணாடி கழற்றியாக வேண்டும். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், போன வருடம் போட்ட அதே படத்தை மறுபடி ஏற்றினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அப்புறம் நம் ஊர்க் கடைகளின் வழக்கமான சேவை ஒன்று இருக்கிறதே, கேட்காமலே முகத்தைச் சிவப்பாக்கி, பருவை அழித்துத் தருவது. தயவுசெய்து அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிவப்பாக இருந்துகொள்ளலாம். கைக்குழந்தைக்கும் தனிப்படம் உண்டு. குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பதுதான் சுலபம். தாங்கிப் பிடிக்கும் அம்மாவின் கை படத்தில் தெரியக்கூடாது.

பாரம் சின்னதுதான், அரைமணி நேர வேலை. தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். மலேசிய பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரி, குடும்பப் பெயர் என்று தனியாகக் கிடையாது. அமெரிக்கப் பாரத்தில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று தனித்தனிக் கட்டம். நான் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் சொந்தப் பெயரை முதல் பெயரிலும் போடுவேன், எழுத்து மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பின்னால் நிரப்பப்போகும் எல்லாப் பாரத்திலும் அதே மாதிரி வர வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் எந்த ஊர் போடுவது என்று கேட்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

அந்தத் தம்பிக்கு விழுந்த பிறகு அவர் அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் வீட்டுப் பத்திரங்களை எல்லாம் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். மகனின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் 'சுப்பர்மணியம்'. அப்பாவின் ஐசியில் 'சுப்பிரமணியம்'. மகனின் பாஸ்போர்ட்டில் இரண்டுக்கும் நடுவில் 'சுப்ரமணியம்'. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்தார், பதிவு அலுவலகத்தில் இருந்தவர் தன் காதுக்கு எட்டியபடி அடித்தார். அம்மா பெயர் ஓரிடத்தில் அஞ்சலை, இன்னோரிடத்தில் அஞ்சலே. எங்கள் ஊரில் இது இல்லாத வீடு அபூர்வம். நேர்காணலுக்குத் தேதி வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால் மூச்சு முட்டும். நாங்கள் செய்தது, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணக் கமிஷனர் முன் கையெழுத்துப் போட்டு ஒரு 'சூராட் சும்பா' (சத்தியப் பத்திரம்) வாங்கியது. நேர்காணலில் அதிகாரி அதையும் பத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். பிறந்த தேதியே மாறியிருந்தால் ஜேபிஎன் போய்த்தான் ஆக வேண்டும்.

கல்யாணப் பதிவு இன்னொன்று. 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவுப் பத்திரம் இல்லாமல் மனைவியைக் கூட்டிப் போக முடியாது. விண்ணப்பிக்கும் நாளில் சட்டப்படி மனைவி இருந்து, பாரத்தில் அவர் பெயரை விட்டால் அதோடு முடிந்தது. 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரையும் எழுத வேண்டும், கூட வராவிட்டாலும் சரி, முதல் தாரத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

படிப்புத் தகுதி 12 வருடப் பள்ளிப்படிப்பு, அல்லது அதற்குச் சமமானது. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் வரை கணக்குப் பார்த்தால் 11 தான். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்ததைச் சேர்த்து 12 என்று வாதாடலாம் என்பார்கள். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், முடிவு அதிகாரி கையில். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு), டிப்ளோமா, பாலிடெக்னிக் இருந்தால் பிரச்சினை இல்லை. படிப்பு இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படும் தொழிலில், கடந்த ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருட அனுபவம் காட்டலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது, செம்பனைக் குலை இறக்குவது, லாரி ஓட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. எவ்வளவு கஷ்டமான வேலை என்பது வேறு விஷயம்.

விழுவது எவ்வளவு அரிது? 2025ஆம் ஆண்டுக்கான குலுக்கலில் ஏறக்குறைய 2 கோடி விண்ணப்பங்கள். தேர்வானவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, சுமார் 1,31,000 பேர். சட்டம் அனுமதிக்கும் விசாவோ அதிகபட்சம் 55,000, அதிலும் ஒரு பகுதியை வேறு திட்டத்துக்குக் கழித்துவிடுகிறார்கள். நாலு நம்பர் மாதிரி விழுந்ததும் கடையில் போய்க் காசு வாங்கிக்கொண்டு வருகிற கதை இல்லை இது. ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுப்பார்கள். அந்த எண் வரும்போதுதான் நேர்காணல், செப்டம்பர் 30க்குள் விசா கைக்கு வராவிட்டால் எல்லாம் காலி, அடுத்த வருடத்துக்கு நீட்டிப்புக் கிடையாது.

விழுந்ததா என்பதை மே மாதத்திலிருந்து அதே தளத்தில், பதிவு முடிந்ததும் தரும் உறுதி எண்ணைப் போட்டு நாமே பார்க்க வேண்டும். இதைக் கவனிக்கும் அலுவலகம் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. அவர்கள் "நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று ஈமெயிலும் அனுப்ப மாட்டார்கள், வாட்ஸாப்பிலும் வர மாட்டார்கள். ஏஜெண்டின் வியாபாரமே இங்கேதான். உறுதி எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். விழாவிட்டால் 800 வெள்ளி லாபம். விழுந்துவிட்டால் எண் வேண்டுமென்றால் இத்தனை ஆயிரம் கொடு என்பார். என் கடையில் பாரத்தை முடித்ததும் அந்தத் தாளை அச்சடித்துக் கையில் கொடுத்து, அவர்கள் போனிலேயே படமும் எடுக்கச் சொல்வேன். ஈமெயிலும் அவர்களுடையதுதான் போடுவேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்குத் தலைக்கு 330 டாலர், விசா கிடைத்த பிறகு குடிநுழைவுக் கட்டணம் தலைக்கு 235 டாலர். நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே 2,260 டாலர், ஒன்பது பத்தாயிரம் வெள்ளி. தூதரகம் குறிப்பிடும் டாக்டரிடம் எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசி தனி. விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சு) நன்னடத்தைச் சான்றிதழுக்கு முன்கூட்டியே போடுங்கள். விசா மறுத்தால் கட்டிய 330 திரும்பி வராது. தம்பி ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் முதல் நாளே குடும்பத்தோடு கோலாலம்பூர் போய் அக்கா வீட்டில் தங்கினார். அமெரிக்கத் தூதரகம் இருக்கும் ஜாலான் துன் ரசாக்கில் காலை நேரத்து நெரிசல் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இனி குடியுரிமை. கிரீன் கார்டு என்பது நிரந்தரவாசத் தகுதி மட்டும். மைகார்டும் (மலேசிய ஐசி) மலேசிய பாஸ்போர்ட்டும் உங்களிடமே இருக்கும். பின்னால் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால்தான் மலேசியக் குடியுரிமை போகும், இந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லிக் கேடபிள்யூஎஸ்பி பணத்தை மொத்தமாக எடுக்கவும் குடியுரிமையைத் துறந்த பத்திரம் கேட்பார்கள், கிரீன் கார்டைக் காட்டி எடுக்க முடியாது. ஆகவே அந்தப் பணத்தை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். கிரீன் கார்டு வாங்கிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டுக்கே ஆபத்து. அங்கே வரி, இங்குள்ள வருமானத்துக்கும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் மச்சான் அந்த ஏஜெண்டிடம் ஏற்கெனவே 200 வெள்ளி முன்பணமும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு திறக்காமல் இருக்கும் வரை யாராலும் பதிவு செய்ய முடியாது, எனவே "உங்கள் பேரில் போட்டாகிவிட்டது" என்று அவர் சொன்னால் உறுதி எண் உள்ள தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் போலீசில் ஒரு ரிப்போர்ட் போடுங்கள். மறுபடி பதிவு திறக்கும்போது, அந்த ஏஜெண்ட் மச்சான் பேரில் எதையும் போடவில்லை என்று தெரிந்த பிறகே மச்சானுக்குப் போடுங்கள்.