கூண்டு சிறிதாகிவிட்டது, கடைக்காரர் மறுக்கிறார்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் போயர்போல் (மிகப் பெரிய உடல்வாகுள்ள இனம்) நாய்க்கு முழங்கால் ஜவ்வு அறுந்து, எலும்பை வெட்டித் தகடு பொருத்தியிருக்கிறார்கள். எட்டு வாரம் அடைத்து வைக்கச் சொன்னார் மருத்துவர். நாயின் இனம், எடை, அறுவை சிகிச்சை எல்லாம் சொல்லித்தான் கம்பிக் கூண்டு வாங்கினேன். நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. பெட்டியைப் பிரித்ததால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வாங்கி நான்கு நாளாகிறது. அவனோ நன்றாக நடக்கிறான், வெளியே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு வாரத்தில் வலி அடங்கிவிடும்; வெட்டிய எலும்பு ஒன்றுசேர எட்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வலி போன நாய்க்குத் தன் கால் ஆறவில்லை என்று தெரியாது. சோபாவில் ஒரே ஒரு தாவல் போதும், தகடும் திருகும் அசைந்துவிடும். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும்வரை பொறுங்கள்.

பணத்துக்கு வருவோம். என்ன தேவைக்கு என்று முன்பே சொல்லி வாங்கியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் பலம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 20-ஆம் பிரிவின்படி, சொன்ன தேவைக்குப் பொருந்தாத பொருளைப் பெற்றுக்கொண்ட 10 வேலை நாட்களுக்குள் திருப்பலாம். கொண்டுபோகும் செலவும் கடையைச் சேர்ந்தது. பிரித்துப் பார்க்காமல் கூண்டு பொருந்துமா என்று எப்படித் தெரியும்? 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்று கடைச் சுவரில் பலகை தொங்கினாலும் அது சட்டத்துக்கு மேலானதல்ல. யாரிடம், என்று, என்ன சொன்னீர்கள் என்பதை இன்றே எழுத்தில் அனுப்புங்கள். ரசீதையும், தலை இடிக்கும் படத்தையும் சேருங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருட்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யுங்கள்.

பணம் வந்ததும் இன்னொரு கூண்டு வாங்க ஓடாதீர்கள். நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். போயர்போலுக்கு அவ்வளவு பெரியது கிடைப்பது கடினம். சிறிய அறை ஒன்றில் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். மலம், சிறுநீர் கழிக்க மட்டும் குட்டை வாரில் ஐந்து நிமிடம். படிகளில் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்குங்கள். ஓட்டம் குறைந்ததால் சாப்பாட்டையும் குறையுங்கள், எடை கூடினால் முழங்கால்தான் சுமக்கும். துடிக்கிறான் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை நஞ்சாகும்.

எட்டு வாரத்துக்குள் தீபாவளி வந்தால், வெடிச்சத்தத்தில் மிரண்டு கதவில் பாய்வான். அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவரிடம் முந்தைய வாரமே கேட்டு வாங்கி வையுங்கள்.