குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. கணவரைப் பார்த்தாலே எரிச்சல், குழந்தையிடமும் ஒட்டுதல் வரவில்லை. என் திருமண வாழ்க்கை முடிந்துவிட்டதா?

அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தேடாதீர்கள். முதலில் ஒரு மருத்துவர் உங்களைப் பார்க்கட்டும். கணவர் வாயைத் திறந்தாலே கோபம், குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராதது, யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துக்கொள்வது போன்ற நினைப்பு என்று மூன்று விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். இது இன்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. என் மூத்தவன் பிறந்தபோது எனக்கு இந்த மூன்றும் இருந்தன, மாத்திரை சாப்பிட்டுச் சரியானவள் நான். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றே நம் வீடுகளில் நினைக்கிறார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் காபியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் டம்ளரைப் பிடுங்கி எறியலாமா என்று இருக்கும். "திமிர்" என்றார்கள், "பேய் கோளாறு" என்றுகூட ஒரு அத்தை சொன்னார். செக்கப்புக்குப் போன இடத்தில் தையல் ஆறியதா, குழந்தை எடை ஏறியதா என்று பார்த்தார்கள். தூங்குகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன்கள் இரண்டும் சட்டென்று இறங்கிவிடும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் கண் கலங்குவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கும். உங்களுடைய நான்கு மாதம் இந்தக் கணக்கில் சேராது. வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலூர் பக்கம் கிராமப்புறப் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது. பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற காரணங்கள்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். மூன்றாம் மாதம்தான் அம்மா வீட்டிலிருந்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வினை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நல்ல வழக்கம்தான், பச்சை உடம்புக்கு அம்மா கைச் சாப்பாடும் வெந்நீரும் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் அப்பா என்கிற ஆளை நாம் விருந்தாளி ஆக்கிவிடுகிறோம். எனக்கு ஈரோட்டில் பிரசவம், அவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து இறங்குவார். நான் காதில் பஞ்சோடு பூண்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருப்பேன், மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழி கொதிக்கும். மடியில் குழந்தையை வைத்துப் போட்டோ எடுப்பார்கள். அது முகத்தைச் சுளித்ததுமே யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.

அதற்குள் எனக்குக் குழந்தையின் ஒவ்வொரு அழுகையும் அத்துப்படி. அவருக்கு ஏப்பம் எடுக்க வைக்கக்கூடத் தெரியாது. ஓசூருக்குப் போனதும் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, "ஏன் அழுவறான்?" என்று என்னைக் கேட்பார். அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு அது, நீதானே பொறுப்பு, பதில் சொல்லு என்று கேட்டது. தூக்கம் கெட்டவள் காதில் எல்லாமே குற்றச்சாட்டாக விழும்.

மனநல மருத்துவரிடம் போனபோது அவர் என் கணவரையும் உட்காரச் சொன்னார். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார். பிரசவத்துக்குப் பின் தைராய்டு குளறுபடியானாலும் இதே மாதிரி சோர்வும் எரிச்சலும் வருமாம், அதனால் நீங்களும் கேட்டுப் பாருங்கள். பிறகு மாத்திரை எழுதினார், கூடவே ஒரு நிபந்தனை: தினமும் ஐந்து மணி நேரமாவது நான் இடைவிடாமல் தூங்க வேண்டும், அதற்குக் கணவர் பொறுப்பு.

அதனால் பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திப் படுத்துவிடுவேன். அதற்கப்புறம் அழுதால் பீய்ச்சி வைத்த பாலை அவர் பாலாடையில் கொடுக்க வேண்டும். முதல் ராத்திரி பாதிப் பால் குழந்தையின் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது, அவன் வீறிட்டான். என் மாமியார் எழுந்து வந்து, "ஆம்பளப் பையன், உனக்கெதுக்குடா இதெல்லாம்? இங்க குடு" என்றார். "நீங்க போய்ப் படுங்கம்மா. நான் பழகிக்கறேன்" என்றார் இவர். கதவுக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கிக் கொடுத்த எந்தச் சேலைக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உங்கள் கணவரிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "சொல்லு, செய்யறேன்" என்று அதையும் உங்கள் தலையிலேயே கட்டுவார். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை குழந்தை அவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுங்கள், அந்த நேரத்தில் எட்டிப் பார்க்காதீர்கள். "பால் பத்தலையாட்ட இருக்குது", "புள்ள எளச்சுட்டான்" என்று வருகிறவர்கள் சொல்லும்போது பதில் சொல்லுகிற வேலையையும் அவரிடம் விடுங்கள். அவருடைய சொந்தக்காரர்களுக்கு அவர் சொன்னால்தான் எடுபடும். இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குப் பேசாதீர்கள். பகலில், இருவரும் சாப்பிட்ட பிறகு பேசுங்கள்.

தாம்பத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆறு வாரத்துக்குப் பின் பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னது உடம்பைப் பற்றித்தான். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் வறட்சியும் வலியும் இருக்கும், நாட்டமும் இருக்காது. அவரை வெறுப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை, அவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரையும் கொஞ்சம் கவனியுங்கள். புதிதாக அப்பா ஆனவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது என்கிறார்கள், ஆண்களிடம் அது பெரும்பாலும் கோபமாகவோ குடியாகவோதான் வெளியே தெரியும்.

ஆனால் அவர் அடிக்கிறார், பெண் குழந்தை பிறந்ததைச் சொல்லிக் காட்டுகிறார் என்றால் இத்தனை நேரம் சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கேட்பார்கள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று உங்கள் அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்குக் கொடுத்தது செர்ட்ராலின், அது பாலில் மிகக் குறைவாகவே சேரும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அதிகம் எழுதுவதும் அதைத்தான். ஆனால் மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள், அவரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள். குணம் தெரிய சில வாரம் பிடிக்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

இன்னொன்று உங்கள் கணவரும் அம்மாவும் படிக்க வேண்டியது. தூக்கமே தேவைப்படாமல் இரண்டு மூன்று நாள் நடமாடுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சாதிப்பது, இதெல்லாம் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற வேறு நோய். விடியட்டும் என்று காத்திருக்காமல், அவளைத் தனியாக விடாமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அட்மிட் செய்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, குழந்தைக்கு அவளால் ஆபத்து என்கிற நிலை இல்லாதவரை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது.