சாலை நகர்ந்த ஊர்கள்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில் கிழக்கே காரில் போனேன். மொஹாவி பாலைவனத்தின் நடுவே கூரையில்லாத பெட்ரோல் பங்குகள், ஜன்னல் பெயர்ந்த அறைகள். ஆம்பாய் என்ற ஊரில் ராய்ஸ் மோட்டலின் பெரிய பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றபோது, காலம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது என்று தோன்றி மனம் கனத்தது. எப்பேர்ப்பட்ட பொற்காலம் அது! சாலையோர மண்கரையில் கற்களை அடுக்கி என் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன். அதற்கு அப்பால் சாலையை மூடிவைத்திருந்தது ஏமாற்றம். இதைக் கட்டுரையாக எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? பாழடைந்த கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

ஆர்., சான் டியாகோ

அன்புள்ள ஆர்.,

கட்டடங்களுக்குள் போகாதீர்கள். யாரோ ஒருவருடைய சொத்து அது. வெளியிலிருந்து எடுத்த படமே போதும். சாலை மூடியதற்கு அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய மரப்பாலங்கள் இருக்கின்றன, பலவும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியவை. அங்கே மழை அபூர்வம். பெய்தால் மலையிலிருந்து வெள்ளம்தான் வரும், பாலங்களை அரித்துக்கொண்டு போகும். நீங்கள் பெயர் எழுதிய மண்கரை அந்த வெள்ளத்தைப் பாலத்தின் பக்கம் திருப்பிவிடப் போட்டது. எல்லோரும்தான் எழுதுகிறார்கள் என்பீர்கள். எல்லோரும் செய்வதால் அது சரியாகிவிடாது. அடுத்தமுறை அந்தக் கற்களில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத என்னை உட்காரவைத்தது வேறொரு வரி. "காலம் தின்றுவிடுகிறது." இல்லை. காலம் அந்த ஊரை ஒன்றும் செய்யவில்லை. ஆம்பாய்க்குப் பக்கத்திலிருந்த பாக்தாத் என்ற ரயில் நிறுத்தத்தில் 1912 அக்டோபரிலிருந்து 1914 நவம்பர் வரை 767 நாட்கள் மழையே இல்லை என்பது பதிவு. அப்படிப்பட்ட காய்ந்த நிலத்தில் மரமும் இரும்பும் நெடுங்காலம் கிடக்கும். அங்கிருந்து போனவர்கள் மனிதர்கள். அவர்கள் போனதற்கு ஆண்டு உண்டு, காரணம் உண்டு. 1973-இல் வடக்கே மலைகளுக்கு அப்பால் இன்டர்ஸ்டேட் 40 என்ற புதிய நெடுஞ்சாலை திறந்தது. ஆம்பாயில் வண்டிகள் நின்றுபோயின.

1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் இப்படிப்பட்ட 41,000 மைல் சாலைக்கு வழிசெய்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத சாலை; அதன் எல்லைக்குள் பெட்ரோல் பங்கு வைக்கவும் சட்டத்திலேயே தடை. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அது அவசியம் என்றார்கள், அதில் உண்மையும் இருந்தது. ஆனால் திட்டம் போட்டவர்கள் எந்த மனநிலையில் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆம்பாய்க்கு வடக்கே பிரிஸ்டல் மலைகளை 22 அணுகுண்டுகளால் பிளந்து இந்தச் சாலைக்கும் ரயிலுக்கும் வழி உண்டாக்கலாம் என்று 1963-இல் ஆராய்ந்திருக்கிறார்கள். அணுசக்தி ஆணையமும் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையும் சாண்டா ஃபே ரயில்வேயும் சேர்ந்து செய்த ஆய்வு அது. பிறகு கைவிட்டுவிட்டு வழக்கமான முறையில் மலையை வெட்டினார்கள். ஒரு மலையையே அப்படிக் கணக்குப் போட்டவர்களின் வரைபடத்தில் ஒரு பஞ்சர் கடை எங்கே தெரியும்?

அந்தப் பஞ்சர் கடையைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அதே பழைய சாலையிலிருக்கும் லட்லோவில் காப்பி குடிக்க நிறுத்தினோம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். பேச்சு கொடுத்தார். அவருடைய அப்பா இந்தச் சாலையோரத்தில் டயர் கடை வைத்திருந்தாராம். புதுச் சாலை வரப்போவது பல ஆண்டுகளாகத் தெரியும். அளவெடுக்க வந்தவர்கள் அவர் கடையில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். சாலை திறந்த மறுநாளும் அப்பா வழக்கம்போலக் கதவைத் திறந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம்வரை ஒரு வண்டிகூட நிற்கவில்லை. "எங்கள் நிலத்தை எடுத்திருந்தால் பிழைத்திருப்போம்" என்றார் பெரியவர். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இன்றுவரை ஆறவில்லை.

சாலை போட உங்கள் நிலத்தை அரசு எடுத்தால் இழப்பீடு தந்தாக வேண்டும். நிலத்தை விட்டுவிட்டுச் சாலையை மட்டும் நகர்த்தினால் ஒரு காசு கிடையாது. உங்கள் வாசலிலிருந்து சாலைக்கு வந்துபோகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப உறுதிசெய்த நிலைப்பாடு இது. சட்டப்படி பார்த்தால், டயர் கடைக்காரரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. கட்டடம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வாசலில் சாலையும் இருக்கிறது. நீங்கள் படம் எடுத்த ஒவ்வொரு சுவரும் அப்படி எதையும் இழக்காதவர் என்று சட்டம் தீர்மானித்த ஒருவருடையது. அதைக் காலத்தின் தலையில் கட்டாதீர்கள். முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

போக்குவரத்து மாறினால் ஊர்கள் மாறும்தானே என்று கேட்கலாம். மாறட்டும். ஊருக்கெல்லாம் நன்மை என்று சொல்லி ஒரு சாலை போடுகிறவர்கள், அந்த நன்மைக்காகப் பிழைப்பை இழக்கும் சிலருக்கு ஏதாவது ஒதுக்கியிருக்கலாம். 41,000 மைலுக்குப் பணம் இருந்த நாடு அது.

அடுத்து "பொற்காலம்". யாருக்கு? 1936 முதல் முப்பது ஆண்டுகள் நியூயார்க்கிலிருந்து விக்டர் கிரீன் தொடங்கிய பயணக் கையேடு வெளிவந்தது. கறுப்பர்களுக்கு அறை தரும் விடுதி எது, சோறு போடும் கடை எது என்று ஊர் ஊராகப் பட்டியல். ரூட் 66-இலும் பொழுது சாய்ந்தபின் அவர்கள் தங்கக் கூடாத ஊர்கள் இருந்தன. விளம்பரப் படங்களைப் பார்த்து ஏங்காதீர்கள். உங்களையும் என்னையும் அந்த நாட்களில் எத்தனை மோட்டல்கள் உள்ளே விட்டிருக்கும் என்று யோசித்தீர்களா?

ஆம்பாய்க்கும் கிழக்கே கோஃப்ஸ் இருக்கிறது. நீராவி ரயிலுக்காக ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்த ஊர்களில் ஒன்று: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி, எஸ்ஸெக்ஸ், ஃபென்னர், கோஃப்ஸ். ரூட் 66 முதலில் கோஃப்ஸ் வழியாகத்தான் போனது. 1931-இல் அதை எஸ்ஸெக்ஸிலிருந்து நேராகத் திருப்பிவிட்டார்கள். ஆகவே, நீங்கள் கண்ணீர் விட்ட சாலையே தன் பங்குக்கு ஓர் ஊரைக் கைவிட்டிருக்கிறது. அங்கே 1914-இல் கட்டிய பள்ளிக்கூடத்தைச் சிலர் பொறுமையாகச் சீரமைத்து, மொஹாவி மக்களின் நினைவுகளையும் காகிதங்களையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கண் இருக்கிறது, ஜன்னல் பெயர்ந்த அறைகளைப் பார்த்து மனம் கனத்த ஒருவரால் எழுத முடியும். ஆனால் இப்போதே எழுதாதீர்கள். இன்டர்ஸ்டேட் 40-இலிருந்து இறங்கி கோஃப்ஸுக்குப் போய்வர வழி இருக்கிறது. திறந்திருக்கும் நாள் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தையாவது தேடிப் படித்துவிட்டு எழுதி அனுப்புங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்