துருக்கி மொழியில் பணிவாகக் கேட்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இஸ்தான்புல்லில் ஒரு வாரம் தங்கப்போகிறேன். ‘தயவுசெய்து’ என்பதற்கு ‘லுத்ஃபென்’ என்று மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. நம்மிடம் யாராவது ‘தயவுசெய்து தண்ணீர் கொடு’ என்றால் எப்படி இருக்கும்? ஏவல் ஏவலாகவே இருக்கிறதே! நாம் ‘தண்ணீர் தர்றீங்களா?’ என்று கேள்வியாக்கிவிடுவோம். அவர்களும் அப்படித்தான்: ‘சு வெரிர் மிசினிஸ்?’ சு தண்ணீர். வெர் என்றால் தா, ‘இர்’ சேர்ந்தால் ‘தருவார்’ மாதிரி. ‘மி’ நம்முடைய வினா ‘ஆ’, ‘சினிஸ்’ நீங்கள். ‘தருவீர்களா’வில் ஆ கடைசியில் நிற்கிறது, அங்கே மி முந்திக்கொள்ள, ‘நீங்கள்’ பின்னால் வருகிறது. எழுதும்போது ‘மிசினிஸ்’ தனிச்சொல். லுத்ஃபெனை வேண்டுமானால் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, சில இடத்தில் ‘மிசினிஸ்’, சில இடத்தில் ‘முசுனுஸ்’ என்று காதில் விழுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. முன்னால் உள்ள உயிரொலிக்கு ஏற்ப இது மாறும். முன்னால் ‘வெரிர்’ வந்தால் மிசினிஸ், ‘பக்கர்’ (‘பார்ப்பார்’ மாதிரி) வந்தால் முசுனுஸ். இந்த ‘மு’வில் இருப்பது உதடு குவியாத உகரம். பயப்பட வேண்டாம், ‘காசு’, ‘அது’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற நம் குற்றியலுகரம்தான்! 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இந்த ஒலிக்குப் புள்ளியில்லாத ‘ஐ’ (ı) எழுத்தை வைத்துக்கொண்டார்கள். உதடு குவித்துச் சொல்லும் வடிவங்களும் உண்டு. அவை பழகப் பழக வந்துவிடும்.

கேள்வி: ஹோட்டலில் சர்வரை எப்படிக் கூப்பிடுவது?

பதில்: ‘பக்கர் முசுனுஸ்?’ நேர்ப்பொருள் ‘பார்க்கிறீர்களா?’. கடையிலும் தெருவிலும் இதுவே போதும். அவர் வந்ததும், ‘பிர் ச்சாய் அலபிலிர் மியிம்?’, அதாவது ‘ஒரு டீ வாங்கிக்கலாமா?’. நடுவில் உள்ள ‘அபில்’தான் நம் ‘லாம்’. எதிராளியைச் செய்யச் சொல்லாமல் நாமே அனுமதி கேட்பதால் இன்னும் மென்மை. நான் முதல் வாரம் முழுக்க ‘ச்சாய் வெர்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். டீ வந்தது, சிரிப்பு வரவில்லை.

கேள்வி: கெல், கெலின், கெலினிஸ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: வா, வாருங்கள், அப்புறம் அதைவிட முறையான வாருங்கள். மூன்றாவது வடிவம் பெரும்பாலும் அறிவிப்புப் பலகைக்கு.

கேள்வி: சின்னப் பையனிடமும் ‘சினிஸ்’ போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ‘வெரிர் மிசின்?’ போதும்.

கேள்வி: தொல்முஷ் என்கிற ஷேர் வேனில் பணம் எப்படிக் கொடுப்பது?

பதில்: முன் சீட்டுக்காரரிடம் நோட்டை நீட்டி, ‘பிர் கிஷி, உஸத்துர் முசுனுஸ்?’ என்று கேளுங்கள். ‘ஒரு ஆளுக்கு, கொஞ்சம் பாஸ் பண்ணிவிடுறீங்களா?’ கை மாறி மாறி டிரைவரிடம் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பிவரும். இறங்கும்போது மட்டும் கேள்வி, மிசினிஸ் ஒன்றும் வேண்டாம். ‘இனெஜெக் வார்!’ என்று குரல் கொடுங்கள். நம் ‘ஆள் இறங்கணும்!’ அதேதான்.