மறு: ஜெபக் குழுவில் சொன்ன வார்த்தை தேவனுடையதுதானா?

சகோதரி, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்படி "கர்த்தர் சொன்னார்" என்று ஜெபக் குழுவில் ஒருவர் சொன்னதாகவும், இந்த மாதமே ராஜினாமா செய்ய வற்புறுத்துவதாகவும், உங்களுக்குப் பயம் மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது கடிதம் கொடுக்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. 1 தெசலோனிக்கேயர் 5:20-21ஐச் சேர்த்துப் படியுங்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதீர்கள் என்ற கையோடு, எல்லாவற்றையும் சோதிக்கவும் பவுல் சொல்கிறார். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட்டபோது, அவனுக்கே முதல் மூன்று முறை அது ஆசாரியன் ஏலியின் குரலாகத்தான் கேட்டது. ஆண்டவர் கோபிக்கவில்லை, நான்காம் முறையும் கூப்பிட்டார். உங்களுக்கு மட்டும் ஏன் இந்த மாதக் கெடு?

1521இல் போரில் காயப்பட்டுப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கப் புனிதர்) ஒன்றைக் கவனித்தார். சில கனவுகள் அந்த நேரம் இனித்தாலும் பிறகு மனதை வறட்சியாக்கின. கிறிஸ்துவைப் பின்பற்றும் எண்ணங்களோ போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுப்போயின. மனம் சோர்ந்திருக்கும்போது முந்தைய தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது பின்னாளில் அவர் எழுதிய விதி. நான் புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. சபைதான், ஆனாலும் இதை மனதார ஏற்கிறேன்.

சரி, சில வாரம் இப்படிச் செய்யுங்கள். பஸ் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும் நேரமே போதும். ஒரு நாள் "இங்கேயே இருக்கிறேன்", மறுநாள் "ஊருக்குப் போகிறேன்" என்று தேவனிடம் வையுங்கள். மாலையில் மனம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் அதைக் கணவரிடமும், உங்களை நன்கு அறிந்த ஆயரிடமும் காட்டுங்கள். வீட்டுக் கடனையும் பிள்ளையின் படிப்பையும் உலகக் காரியம் என்று ஒதுக்காதீர்கள். உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான், லூக்கா 14:28.