மின்னணு விலை அட்டை: கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பல்பொருள் அங்காடியில் சுமார் 6,000 பொருள்கள் உள்ளன. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது இரவெல்லாம் கண்விழித்து விலைச்சீட்டுகளை மாற்றினோம். அப்படியும் பல நாள்கள் வரை ரேக்கில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையுமாக இருந்தது. கணினியிலிருந்து வரும் விலையை ரேக்கிலேயே காட்டும் சிறு திரைகளான கம்பியில்லா மின்னணு விலை அட்டைகளைப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீருமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?
அங்காடி உரிமையாளர், கரூர்

பதில்: தீரும், ஆனால் அட்டையால் மட்டும் தீராது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், வெண்ணெய், நெய், சீஸ் ஆகியவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் இறங்கிய அந்த இரவில் உங்கள் கடையில் இரண்டு வேலைகள் நடந்திருக்கும். கணினியில் விலையைத் திருத்தியது ஒன்று. திருத்திய விலையை ஒவ்வொரு ரேக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது மற்றொன்று. மின்னணு அட்டை இரண்டாவது வேலையை மட்டுமே உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். கணினியில் இருக்கும் விலை தவறாக இருந்தால் அந்தத் தவறு சில நிமிடங்களில் கடை முழுவதும் தெரியும்.

ஆகவே விற்பனையாளரை அழைப்பதற்கு முன் பில்லிங் மென்பொருளில் உள்ள பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள். விற்பனையே இல்லாத பழைய பொருள்கள், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள், பார்கோடு இல்லாமல் கையால் எண் கொடுத்து வைத்தவை, அளவு குறிப்பிடாதவை என்று எல்லாக் கடைகளிலும் சேர்ந்திருக்கும். இவற்றைக் களைய ஒரு மாதம் ஆனாலும் அந்த மாதத்தைக் கொடுங்கள். பொருத்தும் வேலை தொடங்கிய பிறகு இதைச் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

நம் நாட்டுக் கடைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்த அட்டைகள் முன்பே பரவிய பிரான்சு, நார்வே போன்ற நாடுகளில் பொட்டலத்தின் மீது சில்லறை விலையை அச்சிடும் கட்டாயம் இல்லை. கடை எழுதி வைப்பதுதான் விலை. இங்கோ 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி ஒவ்வொரு பொட்டலத்திலும் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. ஒரே பார்கோடு கொண்ட சோப்பு, பழைய சரக்கில் 38 ரூபாயும் புதிய சரக்கில் 40 ரூபாயுமாக ஒரே வரிசையில் நிற்பது நீங்கள் அன்றாடம் பார்ப்பதுதான். பில் போடும் பெண் பார்கோடைக் காட்டியதும் கணினி இரண்டு எம்.ஆர்.பி.க்களையும் காட்டி எது என்று கேட்கும். ரேக்கில் உள்ள அட்டைக்குக் கேட்கத் தெரியாது, அது ஒரு விலையைத்தான் காட்டும். இதற்கு என் பரிந்துரை, பழைய சரக்கு தீரும் வரை புதியதை ரேக்கில் ஏற்றாதிருப்பது. அது முடியாத பொருள்களுக்கு ரூபாயைக் காட்டாமல், 'பொட்டலத்தில் உள்ள எம்.ஆர்.பி.யில் 5 சதவீதம் குறைவு' என்று காட்டும் வார்ப்புருவைத் தனியாகச் செய்து தரும்படி மென்பொருள்காரரிடம் கேளுங்கள். எந்தச் சரக்கு நின்றாலும் அந்த வாசகம் பொய்யாகாது.

பொருத்தும் வேலை எளிது. கையடக்க ஸ்கேனரால் முதலில் பொருளின் பார்கோடையும், அடுத்து அட்டையின் மேல் உள்ள பார்கோடையும் படிக்க வேண்டும். கணினி இரண்டையும் இணைத்து, கூரையில் உள்ள கேட்வே (கணினிக்கும் அட்டைகளுக்கும் இடையே ரேடியோ அலையில் செய்தி கடத்தும் பெட்டி) வழியாகச் செய்தி அனுப்பும். சிவப்பு நிறமும் உள்ள திரையாக இருந்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பல முறை மாறி மாறிச் சிமிட்டி, சுமார் 15 விநாடிகள் கழித்தே பெயரும் விலையும் நிலைபெறும். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் இரண்டு மூன்று விநாடிகளே ஆகும். முதல் நாள் ஊழியர்கள் இந்தச் சிமிட்டலைப் பழுது என்று நினைத்து அட்டையைக் கழற்றிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இணைந்த பிறகு விலை அட்டையோடு போகுமே தவிர, இடத்தோடு நிற்காது. ஒரு குழந்தை அட்டையைப் பிடித்து ஒரு சாண் தள்ளினாலும், சரக்கை அடுக்குபவர் வரிசையை மாற்றினாலும், துவரம்பருப்பின் விலை கடலைப்பருப்பின் கீழ் நிற்கும். ரேக்கின் விளிம்பில் அட்டைகளைப் பிடித்திருக்க, சாவியால் மட்டுமே கழலும் பூட்டுள்ள தண்டவாளப் பட்டையையே வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

கடைசியாக, விலை மாறும் வரிசை. விலை குறையும்போது பில்லிங்கில் முதலில் குறைத்துவிட்டுப் பிறகு அட்டைக்கு அனுப்ப வேண்டும். ஏறும்போது அட்டையில் முதலில் ஏற்றி, எல்லா அட்டைகளும் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பியதைத் திரையில் பார்த்த பிறகே பில்லிங்கில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் அட்டையில் கண்டதைவிடக் கூடுதலாக எந்த வாடிக்கையாளரும் கட்ட நேராது. ஏற்றங்களைக் கடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் எடுத்து வைத்தவர் கவுண்டருக்கு வருவதற்குள் விலை மாறக் கூடாது. பதில் அனுப்பாத அட்டைகளின் பட்டியலை மென்பொருள் காட்டும். அதை அச்சிட்டுக் காலையில் கடை திறக்கும் முன் ஒருவர் நடந்து பார்ப்பதை அன்றாட வேலையாக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்குத் தகரக் கூரை, இரும்பு ரேக்குகள். ஏற்கெனவே இரண்டு வைஃபை ரூட்டர்கள் உள்ளன. விலை அட்டைக்கு ஒரே ஒரு கேட்வே போதும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
மளிகை மொத்த விற்பனையாளர், திருநெல்வேலி

பதில்: சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பெரும்பாலான அட்டைகள் வைஃபை, புளூடூத் இரண்டும் புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இரும்பு இந்த அலைகளைத் திருப்பிவிடும். தண்ணீர் பாட்டில்களும் குளிர்பானங்களும் அடுக்கிய வரிசை அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலும் அப்படியே. ஆகவே ஆளில்லாத காலை வேளையில் நன்றாக இயங்கியது, கூட்டம் நெரியும் ஞாயிறு மாலையில் தடுமாறலாம். நான்கு மூலைகளிலும் கீழ்த்தட்டில், தூணுக்குப் பின்னால், பானங்கள் வரிசைக்கு நடுவே என்று கடினமான இடங்களாகப் பார்த்துச் சில அட்டைகளை வைத்து, கூட்டம் உள்ள நேரத்தில் விலையை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எல்லாம் பதில் தந்தால் ஒன்றே போதும். தராவிட்டால் இரண்டாவதன் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.

கேட்வேயை உரிமையாளர் அறையில் அலமாரி மேல் வைப்பது பரவலாக உள்ள வழக்கம், அது வேண்டாம். விற்பனைக் கூடத்தின் நடுவே, ரேக்குகளின் உச்சிக்கு மேல், தகரத்தோடு ஒட்டாமல் தொங்கவிடுங்கள். ரூட்டரிலிருந்து சில மீட்டர் தள்ளியே இருக்கட்டும். ரூட்டர்களின் சேனலைத் தானியங்கி முறையில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் நிலையாக வைத்துவிட்டால், இவற்றுக்கு இடையில் உள்ள வெற்றிடங்களில் அட்டைகள் தொந்தரவின்றிப் பேசிக்கொள்ளும். கேட்வேக்கும் கணினிக்கும் யு.பி.எஸ். இணைப்புக் கொடுங்கள். மின்சாரம் போனாலும் அட்டையில் உள்ள எழுத்து அழியாது. ஆனால் மாற வேண்டிய விலை மாறாமல் நின்றுவிடும்.

வேறு அலைவரிசைகளும் உண்டு. ஸ்வீடனின் பிரைசர் நிறுவனம் நெடுங்காலமாக அகச்சிவப்பு ஒளியால் அட்டைகளோடு பேசும் முறையைக் கையாளுகிறது. சில அமைப்புகள் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குகின்றன. அவை இரும்புக் கூட்டத்துக்கு நடுவே சற்று நன்றாகவே ஊடுருவும். ஆனால் இந்தியாவில் இவ்வகைச் சாதனங்களுக்கு உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்டது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளை இணையத்தில் மலிவாகக் கண்டு இறக்குமதி செய்துவிடாதீர்கள். எதை வாங்கினாலும் தொலைத்தொடர்புத் துறையின் சாதன வகை ஒப்புதல் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அட்டை அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசுகிறதா, பொதுத் தரத்தில் பேசுகிறதா? 2023இல் வந்த புளூடூத் 5.4 இந்த அட்டைகளை மனத்தில் கொண்டே சில வசதிகளைச் சேர்த்தது; 128 குழுக்கள், குழுவுக்கு 255 அட்டைகள் என 32,640 அட்டைகள் வரை ஒரே கேட்வேயின் கீழ் முகவரி பெறலாம். அது உங்கள் கடைக்குத் தேவையான எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் பொதுத் தரம் என்றால், இன்று விற்பவர் நாளை தொழிலை விட்டுவிட்டாலும் உங்கள் அட்டைகள் குப்பைக்குப் போகாமல் இருக்க வழியுண்டு. இதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

கேள்வி: பேட்டரி பத்து ஆண்டுகள் வரும் என்கிறார்கள். உண்மையா? ஐஸ்கிரீம் ஃப்ரீசரிலும் பொருத்தலாமா?
பால் பொருள் கடை நடத்துபவர், நாகர்கோவில்

பதில்: நாளுக்கு ஓரிரு முறை விலை மாறும் கடையில் ஐந்தாண்டு என்று கணக்கு வையுங்கள். அட்டையில் உள்ள மின்தாள் திரை (நுண்ணிய மைத்துகள்கள் நகர்ந்து எழுத்தைக் காட்டும் திரை), படம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். மற்ற நேரத்தில் அட்டை தூங்கிக்கொண்டிருந்து, குறித்த இடைவெளியில் கண் விழித்து, கேட்வே அழைக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். அந்த இடைவெளியைக் குறைத்தால் விலை விரைவில் மாறும், பேட்டரியும் விரைவில் தீரும். சரக்கைத் தேட உதவும் சிறு விளக்கை ஓயாமல் மின்னவிட்டாலும் அப்படித்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரி; அதை நீங்களே மாற்ற முடியுமா, மூடி ஒட்டிய அட்டையா என்று வாங்கும்முன் பாருங்கள்.

ஃப்ரீசருக்கு உள்ளே சாதாரண அட்டை ஆகாது. அது பொதுவாக 0 முதல் 40 டிகிரி வரைக்கே உரியது. உறைகுளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், மையும் நகராது, சிவப்பு நிறம் முதலில் கெடும். உறைகுளிருக்கென்றே கறுப்பு வெள்ளையில் செய்த அட்டைகள் உண்டு. உங்கள் ஃப்ரீசர் மேல்மூடி வகை என்றால் அட்டையை வெளிப்புறத் தாங்கியில் பொருத்துவதே நல்லது. செலவும் குறையும், அலையும் தடைபடாது. நேர்வெயில் விழும் முகப்பு ரேக்கிலும் பொருத்த வேண்டாம்.

கேள்வி: பொருள்களின் பெயர் தமிழில் வருமா? முன்னோட்டத்தில் எழுத்துகள் சிதறித் தெரிந்தன.
அங்காடி மேலாளர், கும்பகோணம்

பதில்: வரும், வர வேண்டும். ரேக் முன்னால் நிற்கும் பாட்டிக்குப் புரியாத அட்டையால் யாருக்குப் பயன்? நீங்கள் பார்த்த சிதறல், எழுத்துருவை அட்டைக்குள்ளேயே வைத்திருக்கும் அமைப்புகளில் நேர்வது. 'கொத்தமல்லி'யின் முதல் எழுத்தில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்காமல் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் போய்விடும். கணினியிலேயே முழு அட்டையையும் படமாக வரைந்து அனுப்பும் அமைப்பைக் கேளுங்கள். ஒருங்குறி (யூனிகோட்) தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் சரியாக இருந்தால் போதும், அட்டைக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

திரையின் அளவும் முக்கியம். 2.13 அங்குலத் திரையில் அகலத்துக்கு 250 புள்ளிகளும் உயரத்துக்கு 122 புள்ளிகளுமே உள்ளன. அதில் விலையைப் பெரிதாகப் போட்ட பிறகு பெயருக்கு மிஞ்சும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும், ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரியும். 2.9 அங்குலத்தை எடுத்து, தடித்த எழுத்துருவில் இரண்டு வரிகள் விடுங்கள். பில்லிங் பட்டியலில் தமிழ்ப் பெயருக்குத் தனிப் பத்தி சேர்த்து, இயந்திர மொழிபெயர்ப்பை நம்பாமல், கடையில் நெடுநாள் வேலை பார்த்தவரை உட்கார வைத்து நிரப்புங்கள். கம்பு, சோளம், மல்லி, சோம்பு என்று உங்கள் ஊர் வாடிக்கையாளர் எதை எப்படிக் கேட்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: என்னுடையது 800 பொருள்கள் உள்ள சிறு கடை. நானும் போடலாமா?
மளிகைக் கடைக்காரர், பழனி

பதில்: இப்போது வேண்டாம். ஓர் அட்டைக்குச் சில நூறு ரூபாய், அதன்மேல் கேட்வே, மென்பொருள், ஆண்டுச் சந்தா எல்லாம் சேரும். மேலை நாடுகளில் ஆள்கூலி மிகுதி என்பதால் அந்தச் செலவு விரைவில் திரும்புகிறது. உங்கள் கடையில் வாரத்துக்கு எத்தனை சீட்டுகள் மாறுகின்றன, அதற்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். நாள்தோறும் விலை மாறும் காய்கறிப் பகுதி பெரிதாக இருந்தால் அங்கே மட்டும் தொடங்குவது நியாயம்.

கேள்வி: நான் வாடிக்கையாளர். கூட்டம் சேரும் மாலை நேரத்தில் கடைக்காரர் சத்தமில்லாமல் விலையை ஏற்றிவிட இந்த அட்டை வழி செய்யாதா?
இல்லத்தரசி, சென்னை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் 2024இல் எலிசபெத் வாரன், பாப் கேசி ஆகிய செனட்டர்கள் இதே கவலையைத் தெரிவித்து குரோகர் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். இங்கே பொட்டலப் பொருள்களுக்கு எம்.ஆர்.பி. என்ற உச்சவரம்பு உண்டு. அதற்குக் கீழே கடை தரும் தள்ளுபடியைத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். காய்கறி, பழம் போன்றவற்றுக்கு அந்த வரம்பு இல்லை என்பதால் அங்கே கவனம் தேவை. கடைக்காரர்களை நான் கேட்டுக்கொள்வது, கடை திறந்திருக்கும்போது விலையை இறக்கலாம், ஏற்றக் கூடாது என்ற விதியை நுழைவாயிலில் எழுதி வையுங்கள் என்பதே. நீங்கள் செய்யக்கூடியது, அட்டையில் விலையைக் கண்டதும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. பில்லில் கூடுதலாக இருந்தால் கவுண்டரிலேயே அதைக் காட்டுங்கள். திருத்த மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் துறையிடமும் முறையிடலாம். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.