ஒரே நாளில் சுருளும் மாவிலைத் தோரணம்

பொங்கலுக்குக் கட்டிய தோரணம் மறுநாளே சுருண்டு உதிர்ந்துவிட்டது என்று கேட்டிருந்தீங்க. கோளாறு பெரும்பாலும் இலையில்தான். தளிர் சீக்கிரம் வாடும். கரும்பச்சையாக முற்றிய இலையை விடிகாலையில் பறிச்சு, காம்பைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைங்க. ஈரத்தைத் துடைத்த பிறகே கட்டணும்.

மூன்றரை அடி அகல வாசல் நிலைக்கு, முடிச்சு போட இருபுறமும் சேர்த்து 5 அடி சணல் கயிறு வேணும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 21 இலை. காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் பின்னால் மடித்து, தென்னை ஈர்க்குத் துண்டால் குத்துங்க. நூலில் கோத்தால் துளை கிழிந்து விழும். நைலான் கயிற்றில் இலை வழுக்கி ஓரமாகக் குவியும்.

நடுவில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து ஒரு கொத்து. வயல் வரப்பில் காசில்லாமல் கிடைக்கும், பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்டியதாகவும் ஆச்சு. பூளை காய்ந்தாலும் உருவம் மாறாது. செண்டுமல்லி வேணும்னா கடைசியாகக் கட்டுங்க, அதுதான் முதலில் அழுகும்.

ஒன்று மட்டும்: கிருஷ்ணகிரிப் பக்கம் தையில் மா பூவெடுக்கும். பூங்கொத்துள்ள கிளையை ஒடிக்காதீங்க, உள்கிளையில் தனி இலையாகக் கிள்ளுங்க.